சென்சாரில் போட்ட கீறல்

மறுநாள் காலை பத்து மணிக்குத் தலைநகர் உலான்பாத்தரில் என் மனைவி நொர்ஜ்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. அந்த நாளைக் குறித்துக் கொடுக்கவே ஐந்து மாதம் ஆகியிருந்தது. என் பழைய டீசல் வேனோ மேட்டைக் கண்டாலே கரும்புகை விட்டுக்கொண்டு ஊர்ந்தது. வழியில் உள்ள கணவாயை அது ஏறாது.

எங்கள் ஊரில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவன் சோத்னோம் ஒருவன்தான். அவன் ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கிருந்து வந்தான் என்று யாருக்கும் தெரியாது. நல்ல சென்சாரைக் கழற்றிக்கொண்டு கெட்டதை மாட்டிவிடுகிறான் என்று இரண்டு ஓட்டுநர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் அவன் பட்டறைக்குக் கிளம்புமுன், எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் காற்றழுத்த சென்சாரில் கத்தியால் அடையாளத்துக்குச் சின்னதாக ஒரு கீறல் போட்டு வைத்தேன்.

பட்டறையில் நொர்ஜ்மா அடுப்போரம் உட்கார்ந்தாள். சோத்னோம் முன்னிருக்கையைத் தூக்கி, அடியில் இருந்த எஞ்சின் மூடியைத் திறந்தான். சென்சாரைக் கழற்றித் துடைத்தவன், அதையே பார்த்தான்.

"கீறல் புதுசா இருக்கேண்ணே."

"எலி கடிச்சிருக்கும்."

"கத்தி வச்சிருக்கிற எலி போல."

சிரிக்காமல்தான் சொன்னான். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, கீறல் மேலே தெரியும்படி அதையே திரும்ப மாட்டினான். "இது நல்லாத்தான் இருக்கு."

பிறகு கைப்பம்பை எடுத்தான். டர்போவைக் கட்டுப்படுத்துவது மெல்லிய ரப்பர் குழாய்களில் உள்ள வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சிய வெற்றிடம். எங்காவது கசிந்தால் வண்டிக்கு இழுவை போய்விடும். ஒவ்வொரு குழாயிலும் பம்பை மாட்டி உறிஞ்சினான். பம்பின் அளவுமானியில் முள் ஏறி அசையாமல் நின்றது. கடைசிக் குழாயில் மட்டும் சரசரவென்று விழுந்தது. இன்னொரு முறை பார்த்தான். மறுபடியும் விழுந்தது. உடனே பம்பைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

"முள்ளு விழுந்துச்சே தம்பி."

"விழுந்துச்சு."

"அப்ப சரி பண்ண வேண்டியதுதானே?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க திரும்பி வந்தப்புறம் பாக்கலாமாண்ணே? பக்கத்து வீட்டு வண்டியை இரவல் வாங்கி நானே உங்களைக் கொண்டுபோய் விடறேன்."

"என் வண்டி?"

"இங்க கிடக்கட்டும்."

நான் இல்லாதபோது கழற்றப் பார்க்கிறான் என்று பட்டது. "எம் பொண்டாட்டிக்குத்தான்டா கண்ணு மங்கல். எனக்கில்ல."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் நொர்ஜ்மா. "தம்பி, எதையோ சொல்ல வந்து முழுங்குற. என்னன்னு சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். "அந்தக் குழாய்ல நீல ஹதக் பட்டுத் துணி கட்டியிருக்கு, அக்கா."

"நான்தான் கட்டினேன். வண்டி வாங்கின அன்னைக்கு, எஞ்சினுக்கு ஆசீர்வாதமா."

"முடிச்சு இறுகி, குளிர்ல ரப்பர் அதுக்கு அடியில வெடிச்சிருக்கு." கையைத் துணியில் துடைத்தான். "நாளைக்கு ஆபரேஷனுக்குப் போறவங்ககிட்ட, நீங்க வேண்டிக்கிட்டுக் கட்டின பட்டாலதான் கோளாறுன்னு எப்படிச் சொல்றது? கிரீஸ் கையால அதைத் தொடவும் மனசு வரல."

மறைக்கிறவன் எல்லாம் திருடுகிறவன் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

நொர்ஜ்மா சிரித்துவிட்டாள். "புத்தர் அந்தக் குழாய்லதான் இருப்பேன்னு அடம் பிடிக்கமாட்டார் தம்பி. தண்ணி ஊத்து, கை கழுவணும்."

கண் உதவாவிட்டாலும் அவள் விரல்கள் முடிச்சைக் கண்டுபிடித்தன. பொறுமையாக அவிழ்த்து, நெற்றியில் ஒற்றி, மடியில் வைத்துக்கொண்டாள். அடியில் நகத்தளவு வெடிப்பு. சோத்னோம் அந்த இடத்தை வெட்டி எறிந்து, உள்ளே ஒரு செம்புக் குழாய்த் துண்டை வைத்து இணைத்தான். இந்தமுறை முள் விழவில்லை.

"ஒரு மேடு ஏத்திப் பாக்கணும். நீங்களும் ஏறுங்கண்ணே," என்றான்.

சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தேன். "நீயே போய்ப் பாத்துட்டு வா. நான் சந்தேகப்பட்டதை மனசுல வச்சுக்காத தம்பி."

அவன் சாவியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினான். நொர்ஜ்மா அடுப்பில் பால்தேநீர் வைத்து, எங்கள் வழக்கப்படி உப்புப் போட்டாள். பின்பக்கக் குன்றில் வண்டி ஏறும் சத்தம் கேட்டது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கேயும் திணறாமல், உச்சிவரை ஒரே சீராகப் போனது.

"மூணு கிண்ணம் எடுங்க," என்றாள்.