கெட்டி ஆயில்

முதலில் அவள் தன் தோளைத்தான் சந்தேகப்பட்டாள். நாற்பத்தொன்பது வயது, விடிந்தால் மண்மூட்டை, பொழுது சாய்ந்தால் பூந்தொட்டி என்று தூக்கித் தூக்கித் தேய்ந்த உடம்பு. கியர் போடும்போது தோள் வலிக்காமல் வேறென்ன செய்யும் என்று தைலத்தைத் தடவிக்கொண்டே மூன்று வருடம் அந்த பிக்கப் வண்டியை ஓட்டிவிட்டாள். வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால், “இறங்கு, நான் ஒரு தரம் ஓட்டிப் பாக்கிறேன்” என்று சொல்லியிருக்கும். தனியாக இருப்பவளுக்கு வண்டிக் கோளாறும் உடம்புக் கோளாறாகத்தான் தெரியும்.

வண்டி அப்பாவுடையது. அவர் போனபிறகு பாகம் பிரித்தபோது வீடு அண்ணனுக்கு, செடி வளர்க்கிற நிலமும் வண்டியும் தங்கைக்கு என்று முடிவானது. “வண்டிய ஒரு வாரம் ஷெட்டுல விட்டு எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் தருவேன்” என்று அண்ணன் பெரிய மனது பண்ணிச் சொன்னான். அப்படியே தந்தான். பிறகு வீட்டை விற்றுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். அவள் நர்சரிக்குப் பின்னால் ஒரு அறை எழுப்பிக்கொண்டு, ரோஜாப் பதியன்களுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் குடியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணனிடமிருந்து போன் வரும். வாரத்தில் அவளைத் தேடி வருகிற ஒரே போன் அதுதான், மற்றதெல்லாம் “குரோட்டன்ஸ் எவ்வளவுங்க?” என்பவர்கள். பத்து மணிக்கு முன்பே குளித்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். போனில் சேலை தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். அவள் எடுத்ததும் அண்ணன், “வண்டி எப்படிம்மா ஓடுது?” என்பான். “நல்லா ஓடுதுண்ணா.” அப்புறம் மழை, வெயில், சரி வைக்கட்டுமா. நாலு நிமிடம் தாண்டாது. ஆம்பிளைகளுக்கு ஆளை விசாரிக்க வராது, வண்டியைத்தான் விசாரிப்பார்கள் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லி, அந்தக் கேள்வியையே பாசம் என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

குளிர் மாதம் பிறந்ததும் கியர் ஒரேயடியாக முரண்டு பிடித்தது. போன வெள்ளிக்கிழமை, மேட்டுச் சாலையில், பின்னால் அறுபது தொட்டி ஏற்றியிருக்கும்போது இரண்டாவது கியர் விழவே மாட்டேன் என்றது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். பின்னால் நின்றவன் ஹாரனிலேயே குடியிருந்தான். அன்று வண்டியில் உட்கார்ந்து அவள் அழுதுவிட்டாள். கோளாறுக்காக அழவில்லை, கூட இறங்கித் தள்ள ஒரு ஆள் இல்லையே என்று அழுதாள்.

மெக்கானிக்கின் கண்ணாடி அவ்வளவு தடிமன். ஊரே அவனைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடும். அவனும் அந்தப் பெயரையே பலகையில் எழுதி மாட்டியிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைப் பார்த்ததும் சாவியை வாங்கிக்கொண்டான்.

“ராத்திரி இங்கயே நிக்கட்டும்க்கா. காலையில வாங்க. குளிர்ந்த வண்டிதான் உண்மையைப் பேசும்.”

காலை எட்டு மணிக்கு அவள் போனபோது அவன் தயாராக இருந்தான். அவளையே ஏறி உட்காரச் சொன்னான்.

“என்ஜின ஸ்டார்ட் பண்ணாதீங்க. சும்மா கியரப் போடுங்க.”

போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட முடிந்தது.

“என்ஜின் ஓடாதப்பவே இப்படின்னா கிளட்ச் மேல பழி போட முடியாது” என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போனான். கியர்க் கம்பியை கியர்பாக்ஸிலிருந்து கழற்றிவிட்டான். “இப்ப ஆட்டுங்க.” கம்பி லொடலொடவென்று ஆடியது. “அப்ப கம்பியும் நல்லவன். திருடன் பெட்டிக்குள்ளதான் இருக்கான். மத்தியானம் வண்டி சூடானா கொஞ்சம் இளகுமே?”

“ஆமா தம்பி, கொஞ்சம் பரவாயில்ல.”

“ஆயில்க்கா” என்றான், ஜோசியக்காரன் மாதிரி.

அடிநட்டைக் கழற்றினான். சடசடவென்று கொட்ட வேண்டியது, ஆற அமரப் பாகு மாதிரி இறங்கி வந்தது. அவன் இரண்டு விரலுக்கிடையே எடுத்து இழுத்துப் பார்த்தான். அது நூலாக நீண்டது. அவன் முகம் மாறியது.

“இத யார்க்கா ஊத்துனது?”

“ஏன்?”

“இந்த வண்டிக்கு உண்டான ஆயிலே இல்ல இது. போதாததுக்குக் கெட்டியாக்குற மருந்து வேற கலந்திருக்கு. உள்ள பேரிங் போயிட்டா வண்டி ஊளையிடும். இப்படிக் கெட்டியா ஊத்திட்டா சத்தம் அமுங்கிடும். கியர் டைட்டாகும்தான். வாங்குறவன், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்குவான். வண்டிய அடுத்தவன் தலையில கட்டுறப்ப பண்ற வேலைக்கா இது. நீங்க யார்கிட்ட வாங்குனீங்க?”

“வாங்கல. எங்கண்ணன் குடுத்தது.”

மெக்கானிக்குக்குத் திடீரென்று கையிலிருந்த நட்டைத் துடைக்கிற வேலை வந்துவிட்டது. துடைத்ததையே துடைத்தான்.

“அதுக்கப்புறம் ஆயில் மாத்துனீங்களா?” என்று நட்டைப் பார்த்தே கேட்டான்.

“இல்ல.”



“ஷெட்டுல விட்டுத்தான் குடுத்தான்” என்றாள் அவள். “அந்த ஷெட்டுக்காரன் அண்ணனையே ஏமாத்தியிருப்பான்.”

“இருக்கும்க்கா” என்றான் மெக்கானிக் உடனே. அவன் மறுத்துப் பேசியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சரியான ஆயிலை ஊற்றி, கம்பியை மாட்டி, அவளிடமே ஓட்டக் கொடுத்தான். தெருமுனை வரைக்கும் தனியாகப் போனாள். இரண்டாவது கியர் இரண்டு விரலுக்கு விழுந்தது. தோளுக்கு வேலையே இல்லை. மூன்று வருடத் தைலமும் வீண் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது கியரில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் சத்தம் ஆரம்பித்தது. காலடியிலிருந்து ஒரே சுருதியில் ஊளை. பக்கத்து நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இதைக் கேட்காமல் இந்த வண்டியை யாரும் ஓட்டியிருக்க முடியாது. அப்பாவின் கடைசி இரண்டு வருடம் அண்ணன்தான் இதை ஓட்டிக்கொண்டிருந்தான்.

‘அவனுக்கு என்ன தெரியும், சத்தத்தைச் சரிபண்ணுன்னு சொல்லி விட்டிருப்பான், சரியாகிவிட்டது என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள்’ என்று அவள் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

திரும்பி வந்ததும் மெக்கானிக், “பேரிங் மாத்தணும்க்கா, அடுத்த வாரம் இறக்கிடலாம். அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க. இல்ல, சத்தம் வேண்டாம்னா பழையபடி கெட்டியாவே ஊத்தட்டுமா?” என்றான்.

“வேண்டாம் தம்பி. இப்படியே இருக்கட்டும்.”

நர்சரிக்குத் திரும்பும் வழியில் போன் அடித்தது. மணி பத்து. அவள் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிட்டு எடுத்தாள். எடுக்கிற அந்த ஒரு நொடியில் ஒன்றை முடிவு செய்துகொண்டாள். ஆயில் மாற்றியதை மட்டும் சொல்வோம். தெரியாதவனாக இருந்தால், எதுக்கு மாத்துனே என்று கேட்பான். எவ்வளவு ஆச்சு என்றாவது கேட்பான். அதைக் கேட்டுவிட்டால் போதும், இந்த ஜென்மத்துக்கு அவனைச் சந்தேகப்பட மாட்டேன்.

“வண்டி எப்படிம்மா ஓடுது?”

“கியர் டைட்டா இருந்துச்சுண்ணா. இன்னிக்குத்தான் கியர்பாக்ஸ் ஆயில் மாத்துனேன்.”

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

“சத்தம்... சத்தம் எதுவும் வரலையே?” என்றான் அண்ணன்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று யாரும் கேட்காமலே அவன் சொல்லியாகிவிட்டது.

நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமையும் அவன் கேட்டது தங்கையையும் இல்லை, வண்டியையும் இல்லை. தான் அமுக்கி வைத்த சத்தம் வெளியே வந்துவிட்டதா என்றுதான் கேட்டிருக்கிறான். அதற்குத்தான் அவள் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருகி, வண்டியைக் கிளப்பி, போனைக் கீழே வைத்து, கேளுடா நல்லா என்று கத்தினால் என்ன? கை சாவிக்குப் போகவும் போனது.

கத்தலாம். அவன் வெட்கப்படுவான், மழுப்புவான், வைத்துவிடுவான். அடுத்த ஞாயிறு போன் அடிக்காது. அதற்கடுத்த ஞாயிறும் அடிக்காது. நியாயம் அவள் பக்கம் இருக்கும். அந்த அறையில் அவளும் நியாயமும் மட்டும் இருப்பார்கள்.

“இல்லண்ணா” என்றாள். “ஒரு சத்தமும் இல்ல.”

அவன் மூச்சு விட்டது இங்கே கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் குரலில் தெம்பு வந்தது. ஆயில் மாத்துனது நல்லதாப் போச்சு என்றான். பிறகு தன் முழங்கால் வலியைச் சொன்னான், பிள்ளை வேலை மாறியதைச் சொன்னான், மாடிவீட்டுக்காரனோடு நடந்த சண்டையை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டிவிட்டு, அவனே விழுந்து விழுந்து சிரித்தான். நாற்பது நிமிடம். மூன்று வருடத்தில் அவன் அவளிடம் அவ்வளவு பேசியதே இல்லை. அவள் அணைத்துப் போட்ட வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், ஓய்கிற இடத்திலெல்லாம் “அப்புறம்ண்ணா?” என்று கேட்டாள்.