வேலியில் நான்கு பொட்டு

மெல்போர்னில் வீடு வாங்கும் குஜராத்திக்காரன் வாசல்கதவில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் போடாமல் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டான். நானும் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாளே போட்டேன். குங்குமம் காய்வதற்குள் எதிர்வீட்டு நீல் வந்துவிட்டான். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு அவன்தான் தலைவன்.

"பிபின், இது உங்க சாமி விஷயம்னு எனக்குத் தெரியும்ப்பா. தெருவுல போறவனுக்குத் தெரியுமா? ஹிட்லர் கொடியக் கட்டுன மாதிரி இருக்கு."

"ஹிட்லரோட தாத்தா பொறக்கறதுக்கு முன்னாலேயே இது எங்க வாசல்ல இருக்கு."

"நாளைக்கு விசேஷத்த வெச்சுக்கிட்டு எதுக்கு வம்பு? வேற ஏதாவது பூ கீ வரைஞ்சுக்கோயேன்."

அழிக்கச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்றேன். தலையாட்டினான், ஆனால் நகரவில்லை. பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம். ஈரத்துணியை எடுத்துத் துடைத்துத் தொலைத்தேன்.

"மொட்டைக் கதவு வழியா நான் உள்ள வரமாட்டேன்" என்றாள் என் மனைவி நிருபமா.

மறுநாள் காலை வாடகை வீட்டிலிருந்து வந்து இறங்கினால், புது வீட்டு வேலியில் கறுப்புச் சாயத்தில் ஆளுயர ஸ்வஸ்திகம், ஹிட்லர் கொடியில் இருக்கிற மாதிரி சாய்ந்து. அதன்மேல் யாரோ அடித்த முட்டைகள் வழிந்துகொண்டிருந்தன. முட்டை வாடையே ஆகாத வீடு எங்களுடையது. எவனோ எங்களைத் துரத்தப் பார்க்கிறான்.

போலீசுக்குப் போன் போட்டால் காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடவிட்டார்கள். தெருமுனைவரை நடந்துகொண்டே பேசி முடித்துத் திரும்பினேன். அதற்குள் நிருபமா முட்டையைக் கழுவிவிட்டு, எங்கள் வழக்கப்படி ஸ்வஸ்திகத்தின் நான்கு மூலையிலும் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள்.

"என்ன காரியம் பண்ணியிருக்க?"

"புரோகிதர் வர்ற நேரம். முட்டை நாத்தத்துல அவரை நிக்க வைக்கவா?"

"பொட்டு எதுக்கு?"

"நீங்க அழிச்சீங்க. எவனோ போட்டுக் குடுத்துட்டான். சும்மா விடுவேனா?"

வந்த பெண் போலீஸ் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உங்க கோயில் சின்னம்தானே சார்?"

"இல்லம்மா. இது நாஜிக்காரனோடது. எங்கள மிரட்டப் போட்டிருக்கான். முட்டைகூட அடிச்சிருந்தான்."

"முட்டை எங்க?"

நான் நிருபமாவைப் பார்த்தேன். அவள் வாளியைப் பார்த்தாள்.

"நாலு பொட்டு இருந்தா இந்துக்களோடது. போன வருஷம் கோயில் சார்பா எங்க ஸ்டேஷனுக்கு வந்து நீங்கதானே சார் வகுப்பெடுத்தீங்க?"

எடுத்தேன். படம் போட்டு, ஒருவருக்கும் சந்தேகம் வராதபடி எடுத்தேன். என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

"அந்தப் பொட்டு இவ வெச்சதும்மா."

"அப்ப உங்களோடதுதான் சார்."

நீல் ஓடிவந்தான். "ஆபீசர், அழிக்கச் சொல்லுங்க."

"மத அடையாளம். நீங்க தொடக்கூடாது" என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அவள் வண்டி ஏறினாள். நேற்று இவள் எங்கே போயிருந்தாள்?

புரோகிதர் வந்தார். மொட்டைக் கதவைப் பார்த்து முகம் சுளித்தார். நிருபமா வேலியைக் காட்டினாள்.

"கொஞ்சம் கோணல். பரவாயில்ல. யார் போட்டது?"

நிருபமா அட்சதைத் தட்டை அவரிடம் நீட்டினாள். அவர் என் கையில் அட்சதையைக் கொடுத்தார். எங்களை ஓடச் சொன்னவன் போட்டதன்மேல், கை கூசக் கூச, நான் அதைத் தூவினேன். நிருபமா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.