முழங்கை ஆழம்

என் தொழிலில் வாய் ஈரமாகவும் சரக்கு காய்ந்தும் இருக்க வேண்டும். எனக்கு முதலாவது மட்டும்தான் குறைவில்லாமல் வாய்த்தது.

மரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தச் சில்லை லாரியில் மின் நிலையத்துக்கு அனுப்புகிறேன். அவர்கள் அதை எரித்து நீராவி எடுக்கிறார்கள். பாதி மின்சாரமாகிறது, மீதிச் சூடு பக்கத்துச் சாயப்பட்டறைக்குப் போகிறது. ஈரம் முப்பது சதவீதத்தைத் தாண்டினால் வண்டி வாசலோடு திரும்பிவிடும். தண்ணீரை எரித்துப் பிழைத்தவன் எங்கே இருக்கிறான்?

வாசலில் ஈரம் பார்ப்பவன் என் தங்கை புருஷன். மற்றவர்கள் வண்டியில் தோள் வரை கையை விட்டு அடிச்சில்லை எடுப்பான். மீட்டரில் போடுமுன் ஒன்றை விரலால் வளைப்பான். படக்கென்று ஒடிந்தால் காய்ந்தது, வளைந்து கொடுத்தால் பச்சை. என் வண்டிக்கு மட்டும் முழங்கை வரைதான்.

"ஏன் மாப்ளே, நல்லா உள்ள விட்டுத்தான் பாரேன்" என்று நானே யோக்கியன் மாதிரி சொல்வேன்.

"மச்சான் மடியில கையை விட்டுத் துழாவுனா உங்க தங்கச்சி எனக்குச் சோறு போடுவாளா?" என்று சிரிப்பான்.

அவன் வைத்தது நம்பிக்கை. நான் எடுத்தது அளவு. மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், அன்றன்று வெட்டிய பச்சை மரத்தை அடியில் போட்டு, மேலே அவன் முழங்கை ஆழத்துக்குக் காய்ந்த சில்லைப் பரப்பி ஒன்பது வண்டி அனுப்பினேன். ஒன்பதும் உள்ளே போயின.

பாய்லர் சூடு இறங்கியது. "மீட்டர் பொய் சொல்லுதா, நீ சொல்றியா?" என்று இன்ஜினீயர் கத்தி, மாப்பிள்ளையை வாசலிலிருந்து எடுத்துச் சில்லுத் தொட்டி வேலைக்குப் போட்டார். சமாதானம் பேச மறுநாள் காலை நானே போனேன்.

தொட்டி மூன்று மாடி உயரம். அடியில் சுழலும் திருகு சில்லை இழுத்து அடுப்புக்குத் தள்ளும். பச்சைச் சில்லு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் கீழே காலியாகிவிடும், மேலே கூரை மாதிரி நிற்கும். பார்க்கிறவனுக்குத் தொட்டி நிறைந்திருக்கும்.

நான் ஏறியபோது திருகு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. விளிம்பில் மாப்பிள்ளை கம்பியோடு நின்றான், பக்கத்தில் இன்ஜினீயர்.

"கம்பி எட்டல. நடுவுல இறங்கித்தான் குத்தணும்" என்றான்.

"கயிறு கட்டிக்க மாப்ளே."

"கயிறு கீழ ரூம்ல கெடக்கு. காஞ்ச சில்லு கூரை கட்டாது மச்சான். எல்லாம் உங்க சரக்குதானே?"

'பச்சை' என்ற ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த வண்டிக்கு வாசல் கிடையாது. இன்ஜினீயர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமன் மச்சான் கொஞ்சலை அப்புறம் வச்சுக்குங்கய்யா, பாய்லர் அணையப் போகுது" என்றார்.

நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது எங்கள் குடும்பப் பழக்கம்.

அவன் மூன்றடி நடந்தான். நான்காவது அடியில் "மாப்ளே, அடியில பச்சை..." என்று என் வாய் திறந்தது. திரும்பி என்னைப் பார்த்தான். காலடியில் கூரை விட்டது, அப்படியே உள்ளே போய்விட்டான். பெரிய சத்தம்கூட இல்லை. சுற்றியிருந்த சில்லெல்லாம் அவன் பின்னாலேயே சரிந்தது.

திருகை நிறுத்தி, தொட்டியின் பக்கத்தை அறுத்து எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நானும் இரண்டு கையாலும் வாரினேன். உள்ளேயிருந்த சில்லு வெதுவெதுப்பாக ஆவி விட்டது. அவன் வாயிலும் அதுதான் இருந்தது.

இன்ஜினீயர் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். விரலிடுக்கில் நீர் கசிந்தது. என்னைப் பார்த்தார். கயிறில்லாமல் இறக்கியவர் அவர், பச்சையை ஏற்றியவன் நான். அவ்வளவு சுருக்காக முடிந்த பேரத்தை நான் என் அப்பா கடையிலும் பார்த்ததில்லை. விபத்து அறிக்கையில் 'கயிறு கட்டாதது இறந்தவரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள்.

சாயங்காலம் தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"காஞ்ச மரம் ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிட்டே இருப்பாரேண்ணே..."

"மேலருந்து பாத்தா தெரியாதும்மா" என்றேன்.

பன்னிரண்டு வருடமாக அவன் சட்டையிலிருந்து சில்லு பொறுக்கிப் பழகிய கை அவளுடையது. என் காலரில் ஒட்டியிருந்த ஒன்றை எடுத்தாள். யோசிக்காமல், அவனைப் போலவே விரலால் வளைத்தாள். அழுகை நின்றது.

"அண்ணே" என்றாள். "இது ஒடியலையே."