உரமில்லாத குடுவை

எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷமே என் புருஷன் சுரேந்திரா சிட்னிக்குப் போய்விட்டார். அங்கேயே தங்குவதற்கான பேப்பர் கிடைத்ததும் என்னைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் ஊர் வோட்டுவாலேவில் கூரைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். நாட்டை விட்டுப் போனவர்களால் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. நான் மாமியாரோடு காத்திருந்தேன்.

எனக்கு உரச் சோதனைக் கூடத்தில் வேலை. கரும்புக்குப் போடும் உரத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். உரத்தை அமிலத்தில் கரைத்து, பச்சை மருந்து கலந்த குளோரோஃபார்மோடு குலுக்கினால் ஈயம் பிரிந்து அடியில் இறங்கும், பச்சை சிவப்பாகும். கூடவே உரமே போடாத ஒரு குடுவையையும் அதே மாதிரி குலுக்குவோம். அது பச்சையாகவே நிற்க வேண்டும். சிவந்தால் ஈயம் வெளியிலிருந்து வந்திருக்கிறது. அன்றைய வேலையெல்லாம் பாழ்.

சில குங்குமத்தில் ஈயம் உண்டு. அதனால் கூடத்தின் வாசலிலேயே நெற்றியைத் துடைத்துவிட்டுத்தான் நுழைவேன்.

"புருசன் கடல் தாண்டி இருக்கறப்ப நெத்திய அழிக்கலாமா?" என்றார் மாமியார்.

படித்தவள்தான் நான், பயம் படிப்பைக் கேட்டுக்கொண்டா வருகிறது? வகிட்டில் ஒரு துளி வைத்து, தலைத்துணிக்குள் மறைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க உரமில்லாத குடுவை சிவந்தது. உடன் வேலை செய்த ரித்தேஷ் அமிலத்தைத் திட்டினான், தண்ணீரைத் திட்டினான். ஆக்லாந்துக்குக் குடிபோகுமுன் அறிக்கையை முடிக்க வேண்டும் அவனுக்கு. துணியை இறுக்கிக் கட்டும்போது என் விரல் நுனியைப் பார்த்தேன். சிவப்பு. மறைக்காமல் சொல்லிவிட்டேன். கேலி செய்வான் என்று நினைத்தேன்.

"நாளைக்கு மட்டும் வைக்காம வாங்க அக்கா," என்றான்.

ஒரு நாள்தானே, ஆனாலும் மனசு வரவில்லை. சாயங்காலம் சிட்னியிலிருந்து போன். அங்கே குடியுரிமை உள்ள ஒருத்தியைப் பதிவுத் திருமணம் செய்யப் போகிறாராம். அதற்கு முன் நான் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"பேப்பருக்கு மட்டுந்தான் கம்லா. அப்பறம் ஒன்னயக் கூப்டுக்குவேன்."

பின்னால் ஒரு பெண் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இதோ வருகிறேன் என்று அவளிடம் சொன்னார். என்னிடம் சொல்லும் அதே குரல்.

மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். குடுவை பச்சையாகவே நின்றது. ரித்தேஷ் கை தட்டினான். நான் அதைக் கையில் பிடித்தபடி அழுதேன்.