உண்டியல் மேல் ஒட்டிய முகம்

ஆத்தூர் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றதை நேராக வந்து சொல்லவில்லை. இரு வீட்டுக்கும் பொதுவான ஓர் உறவுக்காரர் ஆன்சியின் அப்பா சகாயராஜுக்கு போன் செய்து, மாப்பிள்ளை ஜெர்ரிக்கு இப்போதைக்குக் கல்யாண எண்ணம் இல்லையாம் என்று இழுத்தார். சகாயராஜ் விடாமல் கேட்டபிறகுதான் விஷயம் வந்தது. ஜெர்ரியின் அம்மா செல்போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு விளம்பரம் ஓடியிருக்கிறது. மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் ஒரு சிறுமியின் தலையில் நடிகர் அருள்வேந்தன் கை வைத்திருக்கும் படம். கீழே, 'சேலம் ஆன்சியின் இதயம் துடிக்க உதவுங்கள்' என்று எழுத்து. அந்த அம்மாவுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஆன்சிக்கு ஏழு வயதில் இதயத்தில் ஓட்டை அடைத்தார்கள். அதற்குப் பிறகு பதினைந்து வருடமாக அவளுக்குக் காய்ச்சலைத் தவிர ஒன்றும் வந்ததில்லை. அவள் அம்மா தெரசம்மாள் இதைப் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிடத்தான் நினைத்திருந்தாள். காபி கொடுக்கும் நேரத்தில் வாய் வரவில்லை. இப்போது அவள் சமையலறையிலேயே நின்றாள். தப்பு நம்முடையது இல்லை என்று மகளிடம் மூன்று முறை சொன்னாள். ஆன்சிக்கு ஜெர்ரியின் முகமே சரியாக நினைவில் இல்லை. ஆனாலும் அன்று அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மாடிக்குப் போனாள், இறங்கினாள், காய்ந்திருந்த துணியை மறுபடி நனைத்துக் காயப்போட்டாள்.

அவள் நாமக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தாள். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவாள். அந்த நிலையத்தின் மேசையிலும் அருள்வேந்தன் அறக்கட்டளையின் உண்டியல் ஒன்று இருந்தது. அதிலும் அதே படம்தான், பெயர் மட்டும் இல்லை. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் மீதிச் சில்லறையை அதில் போடுவார்கள். ஒரு பெண், இந்தப் பிள்ளை இன்னும் இருக்குதுங்களா என்று ஒருமுறை கேட்டாள். இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு ஆன்சி அவள் கையில் ஊசியை ஏற்றினாள். இப்படி இரண்டு வருடம் ஓடியிருந்தது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்பதால் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

இப்போது நினைத்தாள். அந்தப் படம் எடுத்த நாளும் ஞாபகம் வந்தது. அன்று காலையிலேயே குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். நடிகர் வரப்போகிறார் என்றதும் தட்டை வாங்கிக்கொண்டு, படுக்கச் சொல்லி, குழாயைத் திரும்ப மூக்கில் வைத்தார்கள். அவள் அழுதாள். படத்தில் கண்ணில் தெரிகிற நீர் அதுதான்.

விளம்பரத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டாள். எவ்வளவு தர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பினாள். பத்து நாள் கழித்து, தெரசம்மாள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகல் மட்டும் பதிலாக வந்தது. படத்தை எக்காலத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அதில் இருந்தது. தெரசம்மாளுக்கு அப்படி ஒரு காகிதம் நினைவே இல்லை. அன்றைக்கு எதில் கையெழுத்துக் கேட்டாலும் போட்டிருப்பேன் என்றாள்.

அடுத்த நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஆன்சி, சேலம் ஐந்து ரோடு பக்கம் இருந்த அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனாள். சேலம், நாமக்கல் இரண்டையும் பார்த்துக்கொள்கிற நர்மதா என்ற பெண் அவளை உட்கார வைத்து, நன்கொடையா, உதவி கேட்டா என்று விசாரித்தாள். சுவரில் ஆளுயரத்துக்கு அந்தப் படம். ஆன்சி அதைக் காட்டி, அது நான்தான் என்றாள்.

நர்மதா எழுந்து அருகில் வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அது நடிப்பில்லை என்று ஆன்சிக்குத் தெரிந்தது. அதனாலேயே, படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லச் சிரமமாக இருந்தது. சொன்னாள். நர்மதா தன் நாற்காலிக்குத் திரும்பி, பணம் எப்படி வருகிறது என்று விளக்கினாள். உண்டியலில் வருவது கொஞ்சம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் முதலாளிகளும் லாரி முதலாளிகளும் நடிகரின் பிறந்தநாள் விருந்தில் காசு கட்டி மேசை எடுத்துக்கொள்வதில் வருவது கொஞ்சம். பாதிக்கு மேல் செல்போன் விளம்பரத்தில்தான் வருகிறது. அந்த மாதம் வந்ததைப் பொறுத்து, எத்தனை பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டலாம் என்று சென்னையில் ஒரு குழு முடிவு செய்யும். மற்றவர்கள் அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டும்.

"பன்னெண்டு பிள்ளைங்க படம் போட்டுப் பாத்துட்டோம், ஆன்சி. செல்லைத் தள்ளிட்டே போற ஜனங்க விரல் உங்க படத்துலதான் நிக்குது. அதை எடுத்துட்டா, அந்த மாசம் ரெண்டு பிள்ளைங்களுக்குப் பணம் இல்லைன்னு நான் சொல்லணும்."

ஆன்சி தண்ணீர் குடித்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். "அப்பவும் எடுத்துருங்க மேடம்" என்றாள். சென்னைக்கு எழுதுகிறேன் என்றாள் நர்மதா.

இரண்டு வாரம் பதில் இல்லை. ஆன்சியால் காத்திருக்க முடியவில்லை. ரத்தக் குப்பிகளில் பெயர் எழுதி ஒட்டும் வெள்ளைத் தாள்கள் அவள் பையில் எப்போதும் இருக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறினாள். ராசிபுரத்தில் ஒரு மருந்துக்கடை, இரண்டு பேக்கரி, ஒரு துணிக்கடை. எதையாவது வாங்கினாள், சில்லறை போடுகிறவளைப்போல உண்டியல் பக்கம் குனிந்து, முகத்தின்மேல் தாளை ஒட்டிவிட்டு வெளியே வந்தாள். அடுத்த ஞாயிறு திருச்செங்கோடு. வேலை நாட்களில்கூட ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்தாள். தின்னாத பன்னும் போடாத மாத்திரையும் பையில் சேர்ந்தன. இதனால் ஒன்றும் நின்றுவிடாது என்று தெரிந்தும், ஒட்டாத கடையைத் தாண்டிப் போக அவளால் முடியவில்லை.

எருமப்பட்டி பேக்கரியில் கடைக்காரர் கந்தன் கண்டுபிடித்துவிட்டார். ஏனுங்க, நோவுல கெடக்கற கொழந்தை மூஞ்சியப் போய் மறைக்கறீங்களே என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். அது என் முகம் என்று சொல்ல ஆன்சிக்கு நாக்கு எழவில்லை. கந்தன் அவளைப் படம் எடுத்து, உண்டியலில் இருந்த எண்ணுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலையில் நர்மதா கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. அருள்வேந்தனுக்கு அறுபதாவது பிறந்தநாள் வருகிறது. படத்தில் இருப்பவளே தன் முகத்தை மறைக்கிறாள் என்பது இந்த நேரத்தில் செய்தியாகிவிடக் கூடாது என்று சென்னையில் பயந்துவிட்டார்களாம். படத்தை எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். பிறந்தநாளுக்கு முன்னால் வேறு படம் வேண்டும். கெங்கவல்லியில் ஒரு குழந்தையைப் பார்த்திருக்கிறோம் என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டாள். பிழைத்து வளர்ந்த ஒருத்தியைப் பார்த்தால் அந்தத் தாய்க்குத் தைரியம் வரும் என்றாள்.

ஜெயித்துவிட்டோம் என்று ஆன்சிக்குத் தோன்றவில்லை. தன் இடத்தில் இன்னொரு குழந்தையைப் படுக்க வைப்பதைப்போல இருந்தது. அதனாலேயே, நானும் வருகிறேன் என்றாள்.

கெங்கவல்லிக்கு வெளியே, மரவள்ளிக் காட்டை ஒட்டிய ஓட்டு வீடு. சரிதாவுக்கு இருபத்தேழு வயதிருக்கும். கணவன் கிழங்கு லோடு ஏற்றப் போயிருந்தான். மகள் கிருத்திகாவுக்கு ஐந்து வயது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பத்தடி நடந்தால் குந்தி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஆட்கள் வருகிறார்கள் என்று சரிதா அவளுக்கு மஞ்சள் கவுன் போட்டு, கை நிறைய கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தாள். படம் எடுக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு, வளையலைக் கழற்றிவிட்டுப் பழைய சட்டை போடுங்கள் என்றார். சரிதா உடனே கழற்ற ஆரம்பித்தாள். குழந்தை கையை இழுத்துக்கொண்டது.

கழற்ற வேண்டாம் என்றாள் ஆன்சி. சரிதாவை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். இட்லித் தட்டை, குழாயை, உண்டியலை, நின்றுபோன கல்யாணத்தை. கையெழுத்துப் போடாவிட்டாலும் பணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்றாள்.

சரிதா குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு ஆன்சியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"நீ நல்லா இருக்கற, அதான் உனக்குக் கோவம் வருது. எம் பொண்ணும் கோவப்படற வயசுக்கு வரட்டும்மா. வந்து என்னைத் திட்டட்டும். நான் வாங்கிக்கறேன்."

ஆன்சி காட்டோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து திரும்பி வந்தாள். படிவத்தை வாங்கி, 'எக்காலத்துக்கும்' என்ற சொல்லை அடித்து, மூன்று வருடம் மட்டும், அதன்பிறகு எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும் என்று கையால் எழுதினாள். அதன் கீழே, இந்தப் படத்துக்கும் சிகிச்சைப் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றும் எழுதினாள். எழுதியதைச் சரிதாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். சரிதா கையெழுத்திட்டாள். நர்மதா காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு என்னை என்ன செய்வார்களோ தெரியவில்லை என்றாள். அப்புறம் சாட்சி என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். கிருத்திகாவை மஞ்சள் கவுனோடும் வளையலோடும் எடுத்தார்கள். அவள் படம் எடுக்கிறவரை முறைத்தாள்.

சென்னையில் மூன்றை அடித்து ஐந்து என்று திருத்தி அனுப்பினார்கள். மற்ற வரியை அப்படியே விட்டுவிட்டார்கள். பிறந்தநாள் விருந்து நடந்தது. புதிய படத்துக்குப் பழையதைப்போல விரல் நிற்கவில்லை என்று நர்மதா சொன்னாள். அந்த மாதம் ஒரு பிள்ளையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட வேண்டியிருந்ததாம். எந்த ஊர்ப் பிள்ளை என்று ஆன்சி கேட்டாள். நர்மதா சொல்லவில்லை. அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் ஆன்சி வீடுவரை நின்றுகொண்டே போனாள்.

கிருத்திகாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் வாரம், வேலை நேரத்தில் சரிதா கூப்பிட்டாள். குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறதாம், ஓடுகிறதாம். அதைச் சொல்லிவிட்டும் போனை வைக்காமல் இருந்தாள். பிறகு மெதுவாக, நெஞ்சில் இருக்கிற தழும்பு வளர வளர மறைந்துவிடுமா என்று கேட்டாள்.

உள்ளே வசந்தாமணி என்ற கர்ப்பிணி கையை நீட்டிக் காத்திருந்தாள். நிலையத்தின் முதலாளி மருதாசலம் ஆன்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேசிட்டு வா சாமி, நான் பாத்துக்கறேன்" என்று ஊசியை எடுத்துக்கொண்டார். ஆன்சி வாசலுக்கு வந்தாள்.

"மறையாதுக்கா. கொஞ்சம் மங்கும். வெயில் காலத்துல அரிக்கும். சொறிய விடாதீங்க, தேங்காய் எண்ணெய் தடவுங்க."

சரிதா வேறு என்னென்ன என்று கேட்டாள். ஆன்சி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.