எந்தக் கால்?

"உன் தம்பி ஏன் ஒவ்வொரு படியா இறங்கிப் போறான்?" என்று இவர் கேட்டபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தம்பி சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தான். லிஃப்ட் ரிப்பேர். இவர் வாசலுக்கு வெளியே போய், மாடிப்படிக் கைப்பிடியின் மேல் குனிந்து கீழே பார்த்துவிட்டு உள்ளே வந்திருந்தார். மற்றவர்கள் விருந்தாளியை வழியனுப்பும்போது முகத்தைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் காலைப் பார்ப்பார். இத்தனை வருஷம் ஃபுட்பால் டிஃபென்ஸில் நின்று எதிராளியின் காலையே பார்த்துப் பார்த்து, கல்யாண வீட்டில்கூட யார் எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். மாப்பிள்ளை பெயரைக் கேட்டால் முழிப்பார்.

"உண்ட மயக்கமா இருக்கும்" என்றேன். குழாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

"மயக்கம் வந்தா தலைதானே சுத்தும்? கால் ஏன் இழுக்குது?"

ஒரு மணி நேரத்துக்கு முன்னால், இவர் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, தம்பி இதே அடுக்களையில் பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக் காட்டியிருந்தான். இடது முட்டி. வேகவைத்துத் தோல் உரித்த உருளைக்கிழங்கு மாதிரி வீங்கிப் பளபளவென்றிருந்தது. பயிற்சியில் திரும்பும்போது ஏதோ பிசகிவிட்டதாம். கோச்சுக்குத் தெரியாமல் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறானாம். "டாக்டர்கிட்ட போடா" என்றேன். "போனா கட்டுப் போட்டு உக்கார வெச்சிடுவாங்கக்கா. முதல் ஆட்டத்துல இறங்கலேன்னா நான் பெஞ்சுதான். பெஞ்சுல உக்காந்தவன் பெஞ்சோடயே போயிடுவான். மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத." சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அதே முகம். வீட்டில் அவனுக்கு 'வாலு' என்று பெயர். இரண்டாம் டிவிஷனில் சேற்றிலும் மேட்டிலும் ஆடி, பஸ்ஸில் தூங்கி, கடைசியில் இந்த வருஷம்தான் அவன் அணி மேலே ஏறி வந்திருக்கிறது. வந்ததும் முதல் ஆட்டமே போன வருஷம் கோப்பையை வென்ற அணியோடு, அதுவும் அவர்கள் மைதானத்தில். அந்த அணியின் டிஃபென்ஸில் நடுவில் நிற்பவர் என் வீட்டுக்காரர். ரசிகர்கள் வைத்த பெயர் 'பூட்டு'. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எங்கள் வீட்டு மத்தளம் நான்.

"என்ன, அடிபட்டிருக்கா?" இவர் விடவில்லை.

"லேசா."

"எந்தக் கால்?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குள் மணி அடித்தது. அக்கறை இருக்கிறவன் 'எப்படி அடிபட்டது' என்று கேட்பான், 'வலிக்குதா' என்று கேட்பான். எந்தக் கால் என்று எவன் கேட்பான்? நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவள். "சும்மா செக் பண்ண வந்தேன், வலியெல்லாம் இல்லை" என்று வருகிறவன்தான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவன். மனுஷன் வாயில் வருவதற்கும் வயிற்றில் இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது என்பது அந்த நாற்காலி எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். இவர் அணிக்குப் புதிதாக ஒரு பையனை வாங்கியிருந்தார்கள். இவர் நிற்கிற அதே இடத்துக்கு, இவரைவிட வேகமானவன். முதல் ஆட்டத்தில் ஒரு தப்பு செய்தால் போதும், இவர் இடம் அவனுக்கு. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், எங்கள் காய்கறிக்காரருக்குக்கூடத் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் மச்சானின் முட்டி கையில் கிடைத்தால் எவன் விடுவான்?

பொய் சொல்வதென்றால் உருப்படியாகச் சொல்ல வேண்டும். "வலது கால்" என்றேன். "கணுக்கால்ல சுளுக்கு. ரொம்ப வலிக்குதாம், பாவம்."

"ம்" என்றார்.

சரியான கல்லுளிமங்கன். அந்த 'ம்' என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

வார நடுவில் ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், இவர் சோபாவில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் போனைக் கவிழ்த்து வைத்தார். வேறொருத்தி வீடாக இருந்தால் இன்னொருத்தி படம் என்று நினைத்திருப்பாள். நான் அவர் குளிக்கப் போகும்வரை காத்திருந்து எடுத்துப் பார்த்தேன். என் தம்பி ஓடிக்கொண்டிருந்தான், மெதுவாக்கப்பட்ட ஓட்டம். போன சீசன் ஆட்டம். ஓடுகிறான், திரும்புகிறான், உதைக்கிறான், மறுபடி முதலிலிருந்து. இன்னொருத்தி படமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் தோன்றியது எனக்கு, சத்தியமாக.

மறுநாள் இன்னும் மோசம். துணிக்கூடையை ஹாலின் நடுவில் வைத்துவிட்டு அதன்மேல் பாய்ந்து பாய்ந்து விலகிக்கொண்டிருந்தார். எப்போதும் ஒரே பக்கமாகப் போகிறார், ஒரே பக்கமாகக் காலை நீட்டுகிறார். அந்தக் கூடை என் கண்ணுக்குத் தம்பியின் காலாகத்தான் தெரிந்தது.

"என்ன நடக்குது இங்க?"

"சும்மா. உடம்பு வளையுதான்னு பாத்தேன்."

"என் தம்பிய ஏதாவது பண்ணிடாதீங்க, சொல்லிட்டேன்."

"ஆட்டத்துல மச்சானாவது மாமனாவது" என்றார். இது அவர் எப்போதும் சொல்கிற வசனம். ஆனால் எப்போதும் என் முகத்தைப் பார்த்துச் சொல்வார், இந்தத் தடவை கூடையைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய் வேலையப் பாரு" என்று சிரித்தார். மடியில் கனம் இல்லாதவனுக்குப் பழமொழி எதற்கு? நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மோது ராசா, போய் நல்லா மோது. அந்த வலது கால் இரும்புக் கால், உன் பல்லுதான் உடையும்.

தம்பி போன் செய்தான். "மாமா ஏதாவது கேட்டாராக்கா?" என்றான். குரலை வைத்தே தெரிந்தது, அவனும் அங்கே ஆளாளுக்குச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அணியில் ஒருவன், "உங்க அக்கா வீட்டுல சாப்பிட்டுட்டு வந்திருக்கே, எத்தனை கோல் போட மாட்டேன்னு எழுதிக் கொடுத்தே?" என்று கேலி செய்தானாம். "ஒண்ணும் கேக்கலைடா" என்றேன். வலது கால் கதையை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் காலை இழுத்து நடித்துக் காட்டிக் காரியத்தைக் கெடுப்பான். எனக்குத் தெரியும் அவனை.

ஆட்டத்தன்று நான் இரண்டு அணி நிறமும் இல்லாமல் சாம்பல் நிறத்தில் உடுத்திக்கொண்டு போனேன். வீரர்கள் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய வரிசையில் கோல்கீப்பரின் மனைவி எனக்குப் பக்கத்து இருக்கை. வாய் ஓயாத பெண், ஆனால் ஆட்டம் தெரிந்தவள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. இரண்டு அணியும் வரிசையாக நடந்து வந்து கை குலுக்கியபோது, இவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னார். தம்பி கையை உருவிக்கொண்டான். நல்லதுடா, நம்பாதே என்றேன் மனதுக்குள்.

முதல் பத்து நிமிஷத்திலேயே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. தம்பி பந்தை வலது காலில் வைத்துக்கொண்டு வந்தால் இவர் ஒதுங்கினார். ஒதுங்கினார் என்றால், எலி ஓடும்போது பெண்கள் காலைத் தூக்கிக்கொள்வார்களே, அப்படி ஒதுங்கினார். பந்து இடது பக்கம் வரும்வரை காத்திருந்து, அதன்பிறகு பாய்ந்தார். தோளால் நெருக்குவதும் இடது பக்கம், காலை நீட்டுவதும் இடது பக்கம். ஒவ்வொரு தடவையும் தம்பி அந்த முட்டியை ஊன்றித் திரும்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் என் முட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணன் ஏன்க்கா இப்படி ஆடறாரு?" என்றாள் பக்கத்திலிருந்தவள். "எப்பவும் இடது பக்கமாவே வர்றாரே. வலது பக்கம் முழுசா திறந்து கிடக்குது பாருங்க."

அவள் சொல்லி முடிக்கவில்லை, தம்பி அந்தத் திறந்த பக்கம் வழியாக உள்ளே நுழைந்து வலது காலால் அடித்தான். கோல். இவர் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார், காலை நீட்டியிருந்தால் தடுத்திருக்கலாம். நீட்டவில்லை. மைதானமே ஊளையிட ஆரம்பித்தது. "பூட்டுக்குச் சாவியே மச்சான்கிட்டதான்டா இருக்கு!" என்று பின் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். "எவ்வளவுடா வாங்கினே?" என்றான் இன்னொருவன். கோல்கீப்பர் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எங்களுக்கு நடுவில் வைத்தாள்.

எனக்கு அந்தக் கூச்சல் உறைக்கவே இல்லை. என் புத்தி வேறு கணக்குப் போட்டது. கண்டுபிடித்துவிட்டார். வலது கால் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, உண்மையான காலைத் தேடிப் பிடித்து அதிலேயே வேலை செய்கிறார். ஒரு கோல் போனால் என்ன, ஆளையே முடித்துவிட்டால் ஆட்டம் கையில். படுபாவி, என் கையால் சாப்பிட்டு, என்னோடு ஒரே படுக்கையில் படுத்து எழுந்து, என் தம்பியின் காலுக்குக் குறி வைத்திருக்கிறாய். இன்று வீட்டுக்கு வரட்டும் என்று பல்லைக் கடித்தேன்.

இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. பந்து இருவருக்கும் நடுவில் உருண்டது. இவர் இடது பக்கமாகச் சறுக்கி வந்து பந்தை மட்டும் எடுத்தார். சுத்தமாக எடுத்தார், தம்பியின் மேல் நூல்கூடப் படவில்லை. நடுவர் விசிலே ஊதவில்லை. ஆனால் அவரைத் தாண்டுவதற்காகத் தம்பி இடது காலை ஊன்றி உடம்பைத் திருப்பினான். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. விழுந்தவன் புல்லைக் கையால் அறைந்தான்.

இவர் பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்டு ஓடி வந்தார். மண்டியிட்டார். நான் இருக்கையை விட்டு எழுந்து நின்றிருந்தேன். அங்கிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இவர் தம்பியின் வலது காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்தார். கயிற்றை அவிழ்த்து வலது ஷூவைக் கழற்றினார். வலது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மருத்துவ ஆட்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். தம்பி அவர் தோளில் குத்திக் குத்தி மறு காலைக் காட்டினான். இவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அந்த இடது முட்டியைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தலையைத் தூக்கி, குடும்பங்கள் உட்காரும் வரிசையைப் பார்த்தார்.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. காவலாளி என்னைத் தெரிந்தவர், கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நீண்ட நடைபாதை, மருந்து எண்ணெயும் ஈரத் துணியும் கலந்த வாசனை. தம்பியை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து முட்டியில் ஐஸ் கட்டியிருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் காரைக் கொண்டுவரச் சொல்லப் போயிருந்தார். இவரும் அங்கே நின்றிருந்தார். ஆட்டம் முடியவில்லை. தானே கையைக் காட்டி வெளியே வந்துவிட்டாராம். இவர் இடத்தில் அந்தப் புதுப் பையன் இறங்கியிருந்தான்.

"வலதுன்னுதானே சொன்னே?" என்றார் என்னிடம். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "வலது பக்கம் நான் காலே வைக்கலையே..."

"யாரு சொன்னா?" என்றான் தம்பி.

தம்பி என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"அப்போ அந்த கோல்?" என்று கேட்டான் மெல்ல. "அது நான் போட்டது இல்லையா மாமா?"

வெளியே ஏதோ கோல் விழுந்து கூட்டம் அலறியது. யாருடைய கோல் என்று கேட்க மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

வெளியிலிருந்து கார் ஹாரன் கேட்டது. நான் கையை நீட்டினேன். "வாடா, என்னப் பிடிச்சுக்கோ." தம்பி என் கையை ஒரு நொடி பார்த்துவிட்டு, மறு பக்கம் திரும்பி இவர் கழுத்தில் கையைப் போட்டான். இவர் குனிந்து அவன் இடுப்பை அணைத்துத் தூக்கினார். இரண்டு நிற ஜெர்சியும் வியர்வையில் ஒட்டிக்கொள்ள, வலது காலில் வெறும் சாக்ஸோடு தம்பி தத்தித் தத்திப் போனான். அவனுடைய ஒற்றை ஷூவையும் இரண்டு பேர் பைகளையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். நடைபாதை முடியும்வரை இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.