நெருக்கக் காட்சி

எனிட் கால்வெர்ட்டுக்கு இருமலே கிடையாது. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் ரால்ஃப் ஐவ்சனின் மருந்துக்கடைக்குப் போய் இருமல் மிட்டாய் வாங்குவாள். அவர் டப்பாவைத் தாளில் சுற்றி, நூல் கட்டிக் கொடுப்பார். மழையைப் பற்றி ஒரு வார்த்தை, தேவாலயத்தில் அவள் வாசித்த பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரத்தை ஓட்டிவிடுவாள். உள்ளறையிலிருந்து அவர் மனைவி டோரீன், "எனிட்டா? உள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போ கண்ணு!" என்று குரல் கொடுப்பாள். எனிட் ஒருநாளும் உள்ளே போனதில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் அந்த யார்க்‌ஷயர் ஊருக்கு வந்தார்கள். விக்டோரியா ராணி காலத்துத் தடித்த நாவல் ஒன்றைத் தொடராக எடுத்தார்கள். கடைவீதியின் தார் மறையும்படி மண்ணைக் கொட்டினார்கள். கூரைகளில் இருந்த ஆன்டெனாக்களைக் கழற்றச் சொன்னார்கள். யார்க்‌ஷயர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். தொப்பியும் சால்வையுமாகக் கூட்டத்தில் நிற்கவும் போனார்கள்.

நாயகனும் நாயகியும் வேலை முடிந்து லண்டன் திரும்பிய பிறகுதான் ஒரு காட்சி சரியாக வரவில்லை என்று தெரிந்தது. கதையின் நாயகனான டாக்டர், கடல் கடந்து போகுமுன் விடைபெற வருகிறார். நாயகி திரும்பிப் பார்க்காமல் பியானோ வாசித்துக்கொண்டே இருக்கிறாள். அவர் அவள் கைமேல் கை வைக்கிறார், இசை நிற்கிறது. கைகள் மட்டும் தெரிந்தால் போதும். ஊரில் பியானோ சொல்லிக்கொடுப்பவள் எனிட் ஒருத்திதான் என்பதால் அவளைக் கூப்பிட்டார்கள்.

பழைய பாதிரியார் வீட்டுக் கூடத்தில், சாம்பல் நிறப் பட்டுச் சட்டையின் கை இறுக்க, அவள் பியானோ முன் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. கறுப்புக் கோட்டில் ரால்ஃப் நின்றார்.

"டோரீன்தான் பிடிச்சுத் தள்ளிவிட்டா. இந்த ஊர்ல நகத்துல அழுக்கில்லாத ஆம்பள நான் ஒருத்தன்தானாம்" என்றார்.

இயக்குநர் பெல்லம் அவசரக்காரர். "ஒருத்தரை ஒருத்தர் பாக்க வேணாம். அவங்க வாசிக்கட்டும், நான் தலையாட்டினதும் கையை வைங்க."

முதல் தடவை ரால்ஃபின் கை தொப்பென்று விழுந்தது.

"யோவ், அவங்க என்ன மாத்திரையா, ஓடிடும்னு அமுக்கறீங்க? நாளைக்கு நீங்க கப்பல் ஏறறீங்க. இனிமே இவங்களைப் பாக்கவே மாட்டீங்க. அதை நினைச்சுக்கிட்டு வைங்க."

விளக்குக்காரர்கள் சிரித்தார்கள். அடுத்த தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கை வந்தது, அவள் கைக்கு மேலே ஒரு கணம் தயங்கியது, பிறகு இறங்கியது. அவள் விரல்கள் நின்றன. எத்தனை வருஷம் அந்தக் கையைக் கண்ணாடி மேசைக்கு அந்தப்புறம் பார்த்திருக்கிறாள்! இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவள் நினைத்ததேயில்லை.

"போதும்! அருமை!" என்றார் பெல்லம். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ரால்ஃப் கையை எடுக்கவில்லை.

"மிஸ் கால்வெர்ட்," என்றார் ரால்ஃப், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "உங்களுக்கு இருமல் இல்லன்னு எனக்குத் தெரியும்."

அவளுக்கு முகம் பற்றியெரிந்தது. "தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

"குடுக்கலன்னா நீங்க வரமாட்டீங்களே."

"ஐவ்சன் சார், அந்தக் கோட்டைக் கழட்டிக் குடுங்க, வண்டி கிளம்புது!" என்று உடைக்காரப் பெண் கத்தினாள். அவர் கையை விலக்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் எனிட்டால் அந்தக் கடைக்குப் போக முடியவில்லை. ஒன்றும் சொல்லாதவரைக்கும் போகலாம். சொல்லிவிட்ட பிறகு எந்த முகத்தோடு போவது? சனிக்கிழமைகளில் எதிர்ப்புறமாகவே நடந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவர் நிமிர்ந்து பார்ப்பது தெரியும். நடையை இன்னும் வேகமாக்குவாள்.

வசந்தத்தில் தொடர் ஒளிபரப்பானது. அந்த ஞாயிற்றுக்கிழமை டோரீன் நேரே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "எங்க வீட்ல கலர் டிவி. உன் கையை நீ கறுப்பு வெள்ளையிலயா பாப்ப?"

ஹாம் சாண்ட்விச் தட்டை நடுவில் வைத்து மூவரும் உட்கார்ந்தார்கள். காட்சி வந்தது. பத்து நொடிகூட இருக்காது. டோரீன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாரேன், எப்படித் தொடறான்! பாவி மனுஷா, என்னை ஒருநாளாவது இப்படித் தொட்டிருக்கியா?" பிறகுதான் அது அவர் கை என்பது நினைவு வந்தது. "அட, அது நீதானே!"

விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நடுவில் அறுந்தது. புருஷனைப் பார்த்தாள். அவர் குனிந்து கணப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தார். கணப்பில் ஏற்கெனவே நிறையக் கரி இருந்தது.

"இயக்குநர் சொல்லிக்குடுத்தபடி செஞ்சார்," என்றாள் எனிட். "முதல்ல சரியாவே வரல. எல்லாரும் சிரிச்சாங்க."

"ஆமா," என்றாள் டோரீன் மெதுவாக. "இவருக்கு எதுவும் சொல்லித்தான் குடுக்கணும்." சாண்ட்விச் தட்டை எனிட் பக்கம் நகர்த்தினாள். அதில் கோபம் இல்லை. அதுதான் எனிட்டுக்குத் தாங்கவில்லை.

வாசலில் ரால்ஃப் அவள் கோட்டை விரித்துப் பிடித்தார். தோளில் விரல் படாமல் கவனமாகப் பிடித்தார். "ஜாக்கிரதையா போங்க மிஸ் கால்வெர்ட்."

"வரேன் மிஸ்டர் ஐவ்சன்."

ஸ்கார்பரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை வேலை இருப்பதாக முன்பே கேள்விப்பட்டிருந்தாள். கோடைக்குள் அங்கே போய்விட்டாள். கடல் பக்கத்திலேயே அறை. வகுப்பில் பிள்ளைகள் தப்பாக வாசித்தால் வாயால்தான் திருத்துவாள். அவர்கள் கைமேல் கை வைத்து ஒருநாளும் நிறுத்தியதில்லை.